கச்சா எண்ணெய் விலையில் பலரும் சறுக்குகிற இடங்கள்

"கச்சா எண்ணெய் பீப்பாய் 80 டாலர்" என்று செய்தியில் வந்ததும் உலகம் முழுக்க அதே விலை என்று நினைத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் உலகச் சந்தையில் அளவுகோலாக வைக்கிற வடகடல் எண்ணெயான பிரென்ட்டின் விலை, அதிலும் வரப்போகிற ஏதோ ஒரு மாதத்துக்காக முன்கூட்டியே போடுகிற ஒப்பந்தத்தின் விலை. நெல்லில் சன்ன ரகம், மோட்டா ரகம் என்று விலை மாறுகிற மாதிரி, மற்ற எண்ணெய்களுக்கு அதைவிட இத்தனை டாலர் கூடுதல், இத்தனை குறைவு என்றுதான் பேசி முடிப்பார்கள்.

எண்ணெய் லேசா, கனமா என்று காட்டுகிற ஏபிஐ எண்ணைத் தலைகீழாகப் படிப்பதும் வழக்கமான தப்பு. எண் கூடினால் எண்ணெய் லேசு. தண்ணீருக்கு 10, அதற்கும் கீழே போனால் எண்ணெய் தண்ணீரில் மூழ்கும். ஏறக்குறைய 31க்கு மேல் லேசு, 22க்குக் கீழ் கனம். அமெரிக்காவின் அளவுகோல் எண்ணெயான டபிள்யூடிஐ 40ஐ ஒட்டி இருக்கும்.

கந்தகம் அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'இனிப்பு', மேலே போனால் 'புளிப்பு' என்பார்கள். அந்தக் காலத்தில் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு, தைரியசாலிகள்! அதற்காகக் கனமான புளிப்பு எண்ணெயை மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குஜராத்தின் ஜாம்நகர் போன்ற சுத்திகரிப்பு ஆலைகள் அதை மலிவாக வாங்கி, அதன் கனமான மூலக்கூறுகளை உடைத்து, டீசலாக்கித்தான் லாபம் பார்க்கின்றன.

பிரென்ட் என்றால் வடகடலில் இருக்கும் பிரென்ட் எண்ணெய் வயலில் எடுத்தது என்று நினைத்தால் அதுவும் தப்பு. அந்த வயலில் உற்பத்தி 2021இல் நின்றுவிட்டது. இன்று அந்த விலையைத் தீர்மானிப்பவை வேறு சில வடகடல் ரகங்கள். 2023 முதல் டெக்சாஸ் எண்ணெயும் அதில் சேர்ந்துகொண்டது.

அப்புறம், 2020 ஏப்ரல் 20. டபிள்யூடிஐ மைனஸ் 37.63 டாலரில் முடிந்ததும், "அப்போ பெட்ரோல் ஏன் சும்மா தரவில்லை?" என்று கேட்காதவர் இல்லை. மைனஸுக்குப் போனது மே மாத ஒப்பந்தம் மட்டும்தான். மறுநாள் அது காலாவதி. கையில் வைத்திருப்பவர் ஓக்லஹோமாவின் குஷிங்கில் எண்ணெயை நிஜமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், அங்கேயோ தொட்டிகளில் இடமில்லை, கொரோனாவில் வாங்க ஆளும் இல்லை என்பதால் காசு கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். அதே நாளில் கடல் வழி போகும் பிரென்ட் 25 டாலர் பக்கத்தில் இருந்தது.

நம்மூர் பங்க் விலையை டபிள்யூடிஐயோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதும் வீண். இந்தியா வாங்கும் எண்ணெய்களின் சராசரி விலைக்கு இந்தியக் கூடை என்று தனியாக ஒரு கணக்கு உண்டு. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஓமன், துபாய் எண்ணெயின் விலை, மீதி பிரென்ட்.