துண்டுப் பலகையில் அலங்காரம்: காசைக் கரைக்கும் தவறுகள்

மரக்காலையின் ஓரத்தில் கிடக்கும் வெட்டுத்துண்டுகளை அள்ளிவந்து சுவர்த்தட்டு, படச்சட்டம், கடிகாரம் என்று இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அளவு பிசகுவது, வாள் கோணுவது பற்றி எழுதப்போவதில்லை. அவற்றைக் கையும் கண்ணும் தாமாகவே திருத்திக்கொள்ளும்.

மாரியில் ஒட்டி, கச்சானில் அழுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மரம் ஈரம் குடித்தால் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அது பொருட்டே அல்ல, ஆட்டமெல்லாம் அகலவாக்கில். ஓரடி அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் மூன்று நான்கு மில்லிமீற்றர்கூட அசையும். வடகீழ்ப் பருவ மழையில் செய்த பொருளை, எல்லாவற்றையும் உலர்த்தும் கச்சான் காற்று சும்மா விடுமா?

தம்பி ஒருவர் திருகோணமலை உப்புவெளியில் விடுதி ஒன்றுக்குச் சுவர்ப்பலகை செய்தார். முதிரை, தேக்கு, மாமரம் எனக் கிடைத்ததையெல்லாம் நெருக்கி ஒட்டி, நான்கு பக்கமும் சட்டத்தோடு பசைபோட்டு இறுக்கினார். "அண்ணை, மயிரிழை இடைவெளிகூட இல்லை" என்று பெருமை வேறு. மார்கழியில் கண்ணைப் பறித்தது. ஆனியில் மாமரத் துண்டின் நடுவே நகம் நுழையும் வெடிப்பு. சட்டத்தின் ஒரு மூலை வாய்பிளந்து நின்றது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பலகையையும் சுமந்துவந்தார். "வார்னிஷ் பூசினேனே" என்றார். வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. அதையும் முன்பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

கொண்டுவந்த அன்றே வெட்டாதீர்கள். இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். ஒரு துண்டை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை அது பச்சை விறகுதான். காய்ந்த பிறகும் பலகையை நடுவில் மட்டும் இறுக்கி, ஓரத் திருகாணிகளின் துளைகளை அகலவாக்கில் நீளமாக்கி, சட்டத்தின் தவாளிப்பில் (பலகை செருகும் பள்ளத்தில்) கொஞ்சம் இடம் விடுங்கள். துண்டுகளுக்கிடையே வேண்டுமென்றே மெல்லிய கோடு விடுவது இன்னும் சுகம். வாடிக்கையாளர் அதை வடிவமைப்பு என்றே நினைத்துக்கொள்வார்.

சரக்குத் தட்டுப் பலகை

சரக்குப் பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டை (பலட்) உடைத்து எடுக்கும் பலகை இது. அதில் குத்திய முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது, எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மெத்தில் புரோமைட் வாயு ஏற்றியது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டால் ஆசைப்படாதீர்கள்.

பழைய வள்ளப் பலகை

நீலமும் பச்சையுமாய் உரிந்த அழகில் எல்லோரும் மயங்குகிறார்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். குழந்தைகள் அறையில் மாட்டவே மாட்டாதீர்கள்.

இரும்பாணி

கடற்காற்றில் துருவேறும், தேக்கில் கறுப்புக் கறையும் விழும். பித்தளைத் திருகாணி வாங்குங்கள்.

தூள் கொட்டும் உளுத்த துண்டு

அடுப்புக்கு.