முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள், 445-ஐ அப்புறம் பார்க்கலாம்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவுகிற செய்தி வந்ததும் நான் செய்த முதல் வேலை, அலுவலகக் கணினிகளின் நெட்வொர்க் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதுதான். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தம், எம்எஸ்17-010, மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. பல கணினிகளில் அது இறங்கியும் இருந்தது. ரீஸ்டார்ட் செய்யத்தான் யாருக்கும் மனம் வரவில்லை!

விண்டோஸின் ஃபைல் ஷேரிங் எஸ்எம்பி என்ற நெறிமுறையில் ஓடுகிறது; காது கொடுத்துக் காத்திருப்பது 445-ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில். வான்னாக்ரை நுழைந்த ஓட்டை இந்த எஸ்எம்பியில்தான் இருந்தது. இந்த வகை ஓட்டைக்குப் பாஸ்வேர்டு வேண்டாம், யாரும் எதையும் கிளிக் செய்யவும் வேண்டாம். கோணலாகக் கட்டிய தரவுப் பொட்டலங்கள் (பாக்கெட்டுகள்) வந்து சேர்ந்தால் போதும், அனுப்பியவருடைய நிரல் உங்கள் கணினியில் ஓடும். அதனால் முதலில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, ரீஸ்டார்ட்டுக்காக ஏதாவது காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பழைய எஸ்எம்பி 1-ஐ நீக்குங்கள். கன்ட்ரோல் பேனலில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலுக்குப் போய், 'எஸ்எம்பி 1.0/சிஐஎஃப்எஸ்' வரியில் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நான் இதைச் செய்த மறுநாள் பழைய ஸ்கேனர் ஒன்று ஷேர் ஃபோல்டரில் சேமிக்க மறுத்தது. அதற்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். ஒரு ஸ்கேனருக்காக எல்லாருடைய கதவையும் திறந்து வைக்க முடியாது. ஸ்கேன்களை மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டேன்.

'எஸ்எம்பி 1-ஐ நீக்கியாச்சு, சரி' என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் வெளிவந்த எஸ்எம்பிகோஸ்ட் ஓட்டை எஸ்எம்பியின் புதிய 3.1.1 பதிப்பில், தரவைச் சுருக்கும் பகுதியில் இருந்தது. அந்தச் சுருக்கலை (கம்ப்ரஷன்) அணைப்பது தற்காலிக வழியாகச் சொல்லப்பட்டது. அது ஃபைலைக் கொடுக்கும் சர்வர் பக்கத்தை மட்டுமே காத்தது, கேட்டு வாங்கும் கிளையன்ட் பக்கத்தை அல்ல. மார்ச் 12 அன்று வந்த திருத்தம்தான் இரண்டையும் அடைத்தது.

ரவுட்டரில் 445 வெளியிலிருந்து திறந்திருந்தால் இன்றே மூடுங்கள். பலர் விட்டுவிடுவது உள்பக்கத்தை. சாதாரண மேசைக் கணினிக்குள் பக்கத்துக் கணினி ஏன் நுழைய வேண்டும்? ஃபயர்வாலின் இன்பவுண்ட் விதிகளில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் (எஸ்எம்பி-இன்)' என்ற அனுமதி விதிகளை அணையுங்கள். இது உள்ளே வருவதை மட்டுமே தடுக்கும். அங்கிருந்து ஃபைல் சர்வரைத் திறக்கத் தடையில்லை. அந்தக் கணினி வழியாக யாராவது பிரிண்டரைப் பகிர்ந்தால் மட்டும் அது நின்றுவிடும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும், விதிகளை அணைத்த கணினியின் ஷேர் ஃபோல்டரை வேறொரு கணினியிலிருந்து திறந்து பாருங்கள். பிழைச்செய்தி வர வேண்டும்.