பவுண்டரி வாட்டர்ஸ்: முதல் கேனூ பயணத்துக்கு எப்படித் தயாராவது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிச் சுமார் 11 லட்சம் ஏக்கரில் விரிந்திருக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ் வனம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள், இடையிடையே சதுப்பு, கரைகளில் முதிய பைன் மரங்கள். உள்ளே சாலையோ கடையோ கிடையாது. பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்கும் தடை என்பதால் துடுப்பால் தள்ளும் கேனூ என்ற ஒடுங்கிய படகுதான் கதி.

1. பெர்மிட்

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்கப் போனால் நுழைவு பெர்மிட்டை முன்பதிவு செய்ய வேண்டும். ஜனவரி கடைசியில் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் திறப்பார்கள். ஒவ்வொரு நுழைவிடத்திலும் ஒரு நாளைக்கு இத்தனை குழுக்கள்தான் என்ற கணக்கு உண்டு. ஒரு குழுவில் அதிகபட்சம் 9 பேர், 4 படகுகள். பெர்மிட்டில் போட்டிருக்கும் நாளில், அதே நுழைவிடம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அப்புறம் எந்த ஏரிக்குப் போவது என்பது உங்கள் விருப்பம்.

2. மாதம்

ஜூனில் கொசுவும் கருப்பு ஈயும் பிடுங்கி எடுக்கும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போங்கள். இரவில் குளிரும், கம்பளிச் சட்டை போதும்.

3. வழி

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வரைபடத்தில் தண்ணீரின் நீளத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், போர்ட்டேஜ்களைக் கூட்டிப் பாருங்கள். ஓர் ஏரியிலிருந்து அடுத்ததற்குப் படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து நடக்கும் காட்டுப் பாதைதான் போர்ட்டேஜ். அதை 'ராட்' கணக்கில் அளப்பார்கள். ஒரு ராட் பதினாறரை அடி. 100 ராட் என்றால் அரை கிலோமீட்டர். பெரிய தூரமில்லை என்று தோன்றும். ஆனால் ஒரே நடையில் எல்லாவற்றையும் தூக்க முடியாது. ஒரு நடை கொண்டுபோய், வெறுங்கையோடு திரும்பி, மறுபடி சுமந்தால் ஒன்றரை கிலோமீட்டர் ஆகிவிடும், அதுவும் கல்லும் சேறுமான பாதையில். முதல் பயணத்துக்கு ஈலி ஊருக்குக் கிழக்கே உள்ள லேக் ஒன் நுழைவிடம் நல்லது. அங்கிருந்து லேக் டூ போக இரண்டு சின்ன போர்ட்டேஜ்கள்தான். லேக் த்ரீ பக்கம் போனால் 2011 காட்டுத்தீ எரித்த இடங்களில் இளங்காடு முளைத்திருப்பதைப் பார்க்கலாம்.

4. சாமான்

கேனூ, லைஃப் ஜாக்கெட், கூடாரம் எல்லாம் ஈலியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கெவ்லர் என்ற உறுதியான, எடை குறைந்த இழையால் செய்த கேனூவையே கேளுங்கள். வாடகை கூடத்தான், ஆனால் சுமார் 20 கிலோதான் இருக்கும். அலுமினியம் 30-ஐத் தாண்டும்.

உணவு தகர டப்பாவிலோ கண்ணாடி பாட்டிலிலோ இருக்கக் கூடாது என்பது விதி. ஊறுகாய் இல்லாமல் சாப்பாடு இறங்காதவர்கள் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கருங்கரடிகள் உண்டு, உணவை மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது கரடி திறக்க முடியாத டப்பாவில் வையுங்கள். ஏரித் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும்.

5. ஏரியில்

காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் காற்று எழும். அலை நுரை தள்ளினால் கரையிலேயே இருங்கள். நடு ஏரி வேண்டாம், கரையோரமாகவே துடுப்புப் போடுங்கள்.

இரும்பு அடுப்புத் தட்டு போட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம். பெர்மிட்டைப் போல இந்த இடங்களுக்கு முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்கே இடம். அதனால் மூன்று மணிக்குள் ஓர் இடத்தைப் பிடித்துவிடுங்கள். பின்னால் காட்டுக்குள் ஒரு கழிப்பிடம் இருக்கும். சுவர், கூரை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.