கணுக்கால் மூட்டு மாற்று பழுதானால்: இரண்டாவது ஒப்பரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

என் அண்ணா லண்டனில் வேலை செய்த காலத்தில் வலது கணுக்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டார். பழைய எலும்பு முறிவினால் தேய்ந்துபோன மூட்டு அது. ஓய்வு பெற்று திருகோணமலை உவர்மலைக்கு வந்து சில வருடங்களில் மறுபடியும் நோவு தொடங்கியது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிகளில்தான் அதிகம். மூட்டு எலும்பிலிருந்து கழன்றிருந்தது. லண்டனுக்கே போய் இரண்டாவது ஒப்பரேஷன் செய்து, இப்போது மூட்டை அசையாமல் பூட்டிய காலுடன் நடக்கிறார். கூடவே இருந்து பார்த்தவள் என்பதால், இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: இது ஏன் பழுதானது? உலோகப் பாகம் கழன்றிருக்கலாம். கணுக்கால் மூட்டின் கீழ்ப்பக்க எலும்பான தாலஸுக்குள் புதைந்திருக்கலாம். நடுவில் உள்ள பிளாஸ்டிக் தேய்ந்து, அந்தத் துகள்களால் எலும்பில் குழி விழுந்திருக்கலாம். பாதத்தின் கோணம் பிசகியிருக்கலாம். கிருமி தொற்றியிருக்கலாம். சிலருக்குச் செயற்கை மூட்டில் ஒரு குறையும் இருக்காது, பக்கத்து மூட்டுத்தான் நோகும். காரணம் தெரியாமல் வெறும் நோவுக்காக மூட்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள். மறுபடி வெட்டியும் அதே நோவுடன் வீட்டுக்கு வரும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

காரணத்தைப் பிடிக்க நின்றபடி எடுத்த எக்ஸ்ரே வேண்டும். பழைய எக்ஸ்ரேக்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எலும்புக் குழிகள் எக்ஸ்ரேயில் சிறிதாகத் தெரியும், சிடி ஸ்கேனில்தான் உண்மை அளவு வரும். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரத்தப் பரிசோதனைகளும், சந்தேகம் இருந்தால் ஊசியால் மூட்டு நீர் எடுத்துச் சோதிப்பதும் அவசியம். கால் வீங்கியவுடன் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போடும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிருமி இருந்தாலும் சோதனையில் அகப்படாமல் போய்விடலாம்.

இன்னொன்று, முதல் ஒப்பரேஷன் குறிப்பைக் கட்டாயம் தேடி எடுங்கள். எந்த நிறுவனத்தின் மூட்டு, என்ன அளவு என்ற ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். அது தெரிந்தால்தான் பொருந்தும் பிளாஸ்டிக் பாகத்தையும் கழற்றும் கருவிகளையும் முன்கூட்டியே தருவிக்க முடியும். அண்ணாவின் கோப்பு லண்டனில் இருந்ததால் அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டோம்.

சரி, இரண்டாவது தடவை என்ன கிடைக்கும்? உலோகம் உறுதியாக இருந்து பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்திருந்தால், அதை மாற்றி, குழிகளில் எலும்புத் தூள் நிரப்பினால் போதும். எலும்பு நன்றாக மிஞ்சியிருந்தால் புது மூட்டு வைக்கலாம். சுவிட்சர்லாந்தின் ஹின்டர்மான் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மாற்றிய 117 கணுக்கால்களில் 9 வருடத்தில் சுமார் 83 சதவீதம் நிலைத்திருந்தன. ஆனால் அது இந்த வேலையிலேயே ஊறிய குழு. எல்லா இடத்திலும் அதே பலனை எதிர்பார்க்க வேண்டாம். பொதுவாக, இரண்டாவது மூட்டு முதலாவதைவிடக் குறைந்த காலமே உழைக்கும், அசைவும் குறைவு. உங்கள் டொக்டர் இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல.

எலும்பு அதிகம் கரைந்திருந்தால், எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து மூட்டைப் பூட்டுவதுதான் வழி. வெளியான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், முதல் முயற்சியிலேயே எலும்பு ஒட்டுவது 100 பேரில் 80க்குச் சற்று மேல். புகைப்பவர்களுக்கும் இரத்தத்தில் சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் ஒட்டுவது கடினம். ஆகவே திகதி குறிக்கும் முன்பே சிகரெட்டை விடுங்கள், சீனியைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிருமி என்றால் பெரும்பாலும் இரண்டு கட்டம்: மூட்டைக் கழற்றி மருந்து கலந்த சீமெந்து வைத்து, பல வாரம் அன்டிபயோட்டிக், பிறகே அடுத்த ஒப்பரேஷன். எதுவும் சரிவராத சிலருக்கு முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க நேரிடும். அதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பலனை நோவைக் கொண்டு அளவிடுங்கள். அண்ணாவுக்கு நோவு பெருமளவு போய்விட்டது, இரவில் நித்திரை கொள்கிறார். ஆனால் கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வழியாக ஏறும் மேட்டில் மெதுவாகத்தான் போவார், உப்புவெளி மணலில் நடப்பது சிரமம். அடிப்பாகம் வளைந்த சப்பாத்து நிறைய உதவுகிறது. பூட்டிய மூட்டின் வேலை பக்கத்து மூட்டுகளுக்குப் போவதால் அவை காலப்போக்கில் தேயலாம்.

பூட்டிய பிறகு 6 முதல் 12 வாரம் வரை காலை ஊன்றக்கூடாது. கட்டிலைக் கீழ் அறைக்கு மாற்றுங்கள். குந்தும் மலசலகூடமானால் கொமட் வேண்டும், சுவரில் கைபிடியும் பொருத்துங்கள். ஊன்றுகோல் பழக்கத்தை ஒப்பரேஷனுக்கு முன்பே தொடங்குங்கள். காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, கெண்டைக்கால் வீங்கி நோவது, திடீர் மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.