உயர்கல்விக்குத் தன்னாட்சி ஆணையம்: சட்ட வரைவில் எங்கே கை வைப்பது?

வரைவு எழுத உட்காருபவர் முதலில் 1956ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படித்துவிட வேண்டும். தேசிய நோக்கம் சார்ந்த கொள்கைகளில் மத்திய அரசு சொல்கிறபடி யுஜிசி நடக்க வேண்டும் என்கிறது அது. சரி, போகட்டும். எது கொள்கை, எது இல்லை என்று தகராறு வந்தாலும் அரசு சொல்வதே இறுதி என்று அடுத்த உட்பிரிவு முடித்துவிடுகிறது. இந்த வரியை அப்படியே விட்டுவைத்தால் மற்ற பிரிவுகளை எவ்வளவு கெட்டியாக எழுதியும் பயனில்லை. மாற்றாக இப்படி எழுதுங்கள்: உத்தரவு எழுத்தில், காரணத்தோடு வர வேண்டும், நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும், தனியொரு கல்லூரியைக் குறிவைக்கக் கூடாது.

அடுத்தது பணமும் பதவியும். மத்திய அரசுப் பணிகளுக்குத் தேர்வு நடத்தும் யுபிஎஸ்சியைப் பாருங்கள். அதன் செலவு மத்திய அரசின் வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியில் நேரடியாக ஏற்றப்படுகிறது, நாடாளுமன்ற ஓட்டெடுப்புக்குப் போவதில்லை. முறைகேடு என்று சொல்லித் தலைவரை நீக்க உச்ச நீதிமன்ற விசாரணை வேண்டும். புதிய ஆணையத்தின் நிர்வாகச் செலவுக்கும் அதே ஏற்பாட்டைச் சாதாரணச் சட்டத்தாலேயே செய்யலாம். அரசியலமைப்பின் 112(3) இடம் தருகிறது.

அதிகார எல்லையைத் தரநிர்ணயத்தோடு நிறுத்துங்கள். அரசியலமைப்பில் மத்திய அரசின் அதிகாரங்களைச் சொல்லும் மத்தியப் பட்டியலின் 66ஆம் இனம் அதற்குத்தான். பல்கலைக்கழகங்களை நிறுவுவதும் ஒழுங்குபடுத்துவதும் மாநிலப் பட்டியலின் 32ஆம் இனத்தில் வருகிறது. அங்கே கை வைத்தால் வழக்குத்தான்.

தண்டனைப் பிரிவில் பலரும் கோட்டை விடுகிறார்கள். விதி மீறினால் மானியத்தை நிறுத்தலாம் என்கிறது பழைய சட்டம். மானியமே வாங்காத சுயநிதிக் கல்லூரி இதற்கு ஏன் பயப்படப் போகிறது? அதிகாரமில்லாமல் பட்டம் கொடுத்தால் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். மாணவர் சேர்க்கையை நிறுத்தும் அதிகாரத்தைச் சேர்த்து, படிக்கிறவர்களை வேறு கல்லூரிக்கு மாற்றும் வழியையும் அதே பிரிவில் எழுதுங்கள்.

வரைவு முடிந்ததும் ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்கோ கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கோ பொருத்திப் பாருங்கள். கல்லூரிக்கு இத்தனை ஏக்கர் நிலம் வேண்டும் என்று சமவெளிக்கு எழுதிய கணக்கு இந்த மலை ஊர்களில் செல்லாது: சரிவில் தட்டையான நிலம் கிடைக்காது, ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி வேண்டிய கிராமங்களில் கட்டடம் எழுப்புவதும் லேசில்லை. அதனால் ஏக்கரை விட்டுவிட்டு, ஒரு மாணவருக்கு எத்தனை சதுர அடி வகுப்பறை, ஆய்வகத்தில் எத்தனை இடம், விடுதியில் எத்தனை படுக்கை என்று அளவு வையுங்கள். ஆய்வுக் குழு வரும் தேதியையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் வருகை தள்ளிப்போகும், கல்லூரியின் அனுமதி காலாவதியாகிவிடும். ஆணையத்தின் தரப்பில் தாமதம் என்றால் பழைய அனுமதி தானாக நீடிக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.