சீசன் தொடக்கத்தில் ரக்பி அணிகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் ஆறேழு பேர் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) ஒன்று உண்டு. மார்ச் மாதம் வந்துவிட்டால் அங்கே பேச்சு ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். ரக்பி லீக் போட்டியைப் பற்றியதாகவே இருக்கும். மூன்று வாரம் முடிவதற்குள் எந்த அணி கோப்பையை வெல்லும், எது கடைசி இடத்தில் கிடக்கும், எந்தப் பயிற்றுநருக்கு வேலை போகும் என்பதெல்லாம் அந்த மேசையில் முடிவாகிவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் உலை கொதிக்கும் முன்பே எடுத்த அரிசியை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையைக் குறை சொல்ல முடியாது. பல ஆண்டுகள் இந்தப் போட்டியைத் தொடர்ந்து பார்த்ததில், தொடக்க வார மதிப்பீடுகள் எங்கெங்கே பிசகுகின்றன என்பதை ஓரளவு கண்டுகொண்டேன். பிசகு பெரும்பாலும் முடிவுகளைப் படிக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பள்ளித் திடலிலும் காவல்துறை, இராணுவ அணிகளிலும் நாம் கற்றது 15 பேர் ஆடும் யூனியன் வகை, என்.ஆர்.எல். 13 பேர் ஆடும் லீக் வகை. யூனியன் போட்டிகளில் நான்கு டிரை (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அடித்தாலோ ஏழு புள்ளிக்குள் தோற்றாலோ கூடுதல் புள்ளி தரும் வழக்கம் உண்டு. இங்கே அது கிடையாது. இரு அணியினரும் தோளோடு தோள் பின்னி முட்டிக்கொள்ளும் ஸ்கிரம்மில் எதிரியைத் தள்ளிச் சாய்க்கும் முன்வரிசையைக் கண்டு அணியின் பலத்தை அளக்கும் பழக்கமும் இங்கே செல்லாது, ஏனென்றால் லீக் வகையில் ஸ்கிரம் ஏறக்குறைய ஆட்டத்தை மீண்டும் தொடங்குவதற்கான ஏற்பாடு மட்டுமே. எதிரணி ஆறு முறை பிடித்து நிறுத்துவதற்குள், அதாவது ஆறு டேக்கல்களுக்குள், பந்தை எவ்வளவு தூரம் கொண்டு போனார்கள், கடைசி உதையை எங்கே இறக்கினார்கள் என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது புள்ளிப் பட்டியல். டால்பின்ஸ் அணி 2023இல் சேர்ந்ததிலிருந்து போட்டியில் 17 அணிகள் ஆடிவருகின்றன. ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணியாவது ஆடாமல் இருக்கும். இந்த ஓய்வு வாரத்தைத்தான் பை என்கிறார்கள். ஆடாமல் இருக்கும் அணிக்கும் வெற்றிக்குரிய அதே 2 புள்ளிகள் கிடைக்கின்றன. 27 சுற்றுகள் கொண்ட முழுப் பருவத்தில் எல்லா அணிகளுக்கும் மூன்று ஓய்வு வாரங்கள் வந்துவிடும் என்பதால் இறுதியில் கணக்கு சமமாகிவிடும். ஆனால் ஐந்தாம் சுற்றின் முடிவில் அது சமமாக இருப்பதில்லை. ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்ற அணியும், நான்கு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று ஒரு வாரம் ஓய்வில் இருந்த அணியும் பட்டியலில் ஒரே 6 புள்ளிகளோடு அடுத்தடுத்து நிற்கும். பை புள்ளிகளைக் கழித்துவிட்டு, ஆடிய ஆட்டங்களில் எத்தனை வெற்றி என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் ‘முதல் நான்கில் இருக்கிறார்கள்’ என்று பேசுபவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

பட்டியலின் வலப்பக்கத்தில் இருக்கும் புள்ளி வித்தியாசத்தையும் அப்படியே நம்பக் கூடாது. 2025ஆம் ஆண்டின் முதல் சுற்றில் சிட்னி ரூஸ்டர்ஸ் தன் சொந்தத் திடலிலேயே பிரிஸ்பேன் பிராங்கோஸிடம் 14–50 என்று தோற்றது. அந்த ஒரே மாலை ஒரு அணிக்கு 36 புள்ளி கூட்டலும் மற்ற அணிக்கு 36 புள்ளி கழித்தலும் எழுதிவிட்டது. அதன்பின் வாரக்கணக்கில் பட்டியலின் அந்த வித்தியாசக் கணக்கை அந்த ஒரு ஆட்டமே ஆண்டது. ரூஸ்டர்ஸ் கடைசி இடத்துக்குத்தான் போகும் என்ற பேச்சு அன்றைக்குப் பலமாக எழுந்தது. அந்த அணி எட்டாவது இடத்தைப் பிடித்து இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கு முன்னேறியது. பிராங்கோஸ் கோப்பையை வென்றது உண்மைதான், ஆனால் அதற்கு நடுவே அந்த அணியும் தொடர் தோல்விகளைக் கண்டு தத்தளித்தது. பெரிய வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தை ஓர் ஆட்டமாக மட்டுமே எண்ண வேண்டும்.

யாரை எதிர்த்து ஆடினார்கள் என்று கேட்காமல் விடுவது என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒவ்வோர் அணிக்கும் எதிரணிகள் 16, ஆட்டங்கள் 24. ஆக, எட்டு அணிகளை இரண்டு முறையும் மீதி எட்டு அணிகளை ஒரே முறையும் சந்திக்கிறார்கள். முழுப் பருவத்திலேயே அட்டவணை எல்லோருக்கும் ஒன்றாக அமைவதில்லை என்றால், நான்கைந்து வாரத்தில் அது எவ்வளவு கோணலாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதோடு, எதிரணி எந்த நிலையில் வந்தது என்பதும் முக்கியம். ஆட்டத்தை வழிநடத்தும் ஹாஃப்பேக் காயத்தில் இருந்தாரா, முந்தைய ஆட்டம் முடிந்து ஐந்தே நாளில் ஆட வந்தார்களா, 2024 முதல் லாஸ் வேகாஸில் நடக்கும் தொடக்க ஆட்டங்களுக்காகக் கடல் கடந்து போய்த் திரும்பிய அணியா என்பதைக் குறித்துக்கொள்ளாமல் ‘மூன்றில் மூன்று வெற்றி’ என்று சொல்வதில் பொருளே இல்லை.

டால்பின்ஸ் அணியின் முதல் பருவம் இதற்கு நல்ல பாடம். வெய்ன் பென்னட் பயிற்றுநராக இருந்த அந்தப் புதிய அணி, 2023இல் தன் வரலாற்றின் முதல் ஆட்டத்திலேயே ரூஸ்டர்ஸை 28–18 என்று வீழ்த்தியது. அடுத்து கேன்பரா ரைடர்ஸ், அதற்கடுத்து நியூகாசில் நைட்ஸ் என்று மூன்று ஆட்டங்களையும் வென்றது. எங்கள் மேசையில் அன்றைக்கு டால்பின்ஸ் இறுதிக்கட்டத்துக்குப் போகும் என்று உறுதியாகச் சொல்லாதவர்களே இல்லை, நானும் சொன்னேன். பருவத்தின் முடிவில் அந்த அணி 13ஆம் இடத்தில் நின்றது. அந்த மூன்று வெற்றிகளும் உழைத்துப் பெற்றவை. ஜெஸ்ஸி பிராம்விச், பெலீஸ் கௌபுசி போன்ற அனுபவசாலிகள் முன்களத்தைத் தாங்கினார்கள். நாங்கள் பார்க்கத் தவறியது அவர்களுக்குப் பின்னால் இருந்த வரிசையைத்தான். முதல் 13 பேரை வைத்து மார்ச் மாதத்தை வெல்லலாம். ஜூலை மாதத்தைக் கடப்பதற்கு இருபதாவது, இருபத்தைந்தாவது ஆட்டக்காரரும் தகுதியானவராக இருக்க வேண்டும், அது புதிதாகக் கட்டப்பட்ட அணியில் எளிதில் அமைவதில்லை.

தோல்விகளைப் படிப்பதிலும் இதே அவசரம்தான். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகளை வென்ற பென்ரித் பேன்தர்ஸ், 2025இல் முதல் ஆட்டத்தை வென்றபின் ஐந்து ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றது. ஜரோம் லூவாயும் ஜேம்ஸ் பிஷர்-ஹாரிஸும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள், ஆகவே அவர்களின் காலம் முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். அந்த அணி மீண்டு வந்து, ஏழாவது இடத்தைப் பிடித்து, இறுதியாட்டத்துக்கு ஒரே படி கீழே பிராங்கோஸிடம் 14–16 என்று நூலிழையில் தோற்றது. 2015இல் நார்த் குவீன்ஸ்லாந்து கௌபாய்ஸ் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தது; அதே அணி அந்த ஆண்டின் கோப்பையை ஜொனாதன் தர்ஸ்டனின் கோல்டன் பாயின்ட் (ஆட்டம் சமநிலையில் முடிந்தபின் முதலில் புள்ளி எடுப்பவர் வெல்லும் கூடுதல் நேரம்) உதையில் 17–16 என்று வென்றது. 2021இல் மெல்பர்ன் ஸ்டோர்ம் முதல் மூன்றில் இரண்டைத் தோற்றுவிட்டு, பிறகு தொடர்ந்து 19 ஆட்டங்களை வென்றது. அந்த இரண்டு தோல்விகளும் 12–16, 10–12 என்று முடிந்தவை என்பதைக் கவனித்திருந்தால் யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டுத் தொடக்க ஆட்டங்கள் எதையுமே சொல்வதில்லை என்று முடிவு கட்டுவதும் தவறுதான். வெஸ்ட்ஸ் டைகர்ஸ் 2022இல் முதல் ஐந்து ஆட்டங்களையும், 2023இல் முதல் ஏழு ஆட்டங்களையும் இழந்தது. இரண்டு ஆண்டுகளும் கடைசி இடத்திலேயே முடித்தது. 2022இல் முதல் ஐந்தையும் வென்ற பேன்தர்ஸ்தான் கோப்பையையும் தூக்கியது. எந்தத் தொடக்கம் நிலைக்கும், எந்தத் தொடக்கம் கலையும் என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் ரசிகனின் வேலை. அதற்கு ஆட்டத்தை முழுதாகப் பார்த்தாக வேண்டும்.

அங்கேதான் கோலாலம்பூரில் இருக்கும் நமக்கு ஒரு சிக்கல். ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வரை சிட்னி நமக்கு மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி ஆட்டம் இங்கே மாலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். நான் வேலை முடித்து மஸ்ஜிட் ஜாமெக்கில் எல்.ஆர்.டி. ஏறிக் கைப்பேசியைத் திறக்கும்போது இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருக்கும். இப்படியே ஒரு மாதம் இரண்டாம் பாதிகளை மட்டும் பார்த்துவிட்டு, ஓர் அணியின் தடுப்பாட்டம் ஓட்டையானது என்று நண்பர்களிடம் அடித்துச் சொல்லிவந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டங்களின் முழுப் பதிவுகளையும் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது: அவர்கள் முதல் பாதியிலேயே இருபது புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்று, கடைசி இருபது நிமிடங்களில் இளையவர்களை இறக்கிவிட்டு ஆடியிருந்தார்கள். பின்தங்கிய அணிகள் இழப்பதற்கு ஏதுமில்லாமல் பந்தை எல்லாப் பக்கமும் வீசிச் சில டிரைகளை அடித்தன. நான் ஓட்டை என்று நினைத்தது, ஏற்கெனவே முடிந்துபோன ஆட்டத்தின் மிச்சம். ஐந்து நிமிடத் தொகுப்புக் காட்சிகளை மட்டும் பார்ப்பவர்களுக்கும் இதே கதிதான், ஏனென்றால் டிரையைக் காட்டும் தொகுப்பு அதற்கு முந்தைய நான்கு செட்களில் (ஒரு செட் என்பது ஆறு டேக்கல் கொண்ட ஒரு தாக்குதல் வாய்ப்பு) சோர்ந்துபோன முன்வரிசையைக் காட்டாது.

அந்த மேசையில் இளமையில் இங்கே கிளப் ரக்பி ஆடிய ஓர் அண்ணன் இருக்கிறார். ஒருமுறை நான் ஸ்கோரைச் சொல்லி வாதிட்டபோது அவர், “தம்பி, எத்தனை புள்ளின்னு சொல்றீங்க. பந்து எந்த இடத்துல கிடைச்சுதுன்னு பார்த்தீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடு போட்ட நோட்டு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம்; ஒவ்வொரு டிரைக்கும் ஒரு வரி. அந்த வரியில் பந்து கைக்கு வந்த இடம், வந்த விதம், எதிரணியில் அப்போது எத்தனை பேர் திடலில் இருந்தார்கள் என்று மூன்றே குறிப்புகள். அவர் காட்டிய பக்கத்தில் வென்ற அணியின் ஐந்து டிரைகளில் இரண்டு, எதிரணி ஆட்டக்காரர் தண்டனையாகச் சின் பின்னில் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தபோது வந்தவை. இன்னொன்று உயர உதைத்த பந்து எதிரணியின் விங்கர் (திடலின் ஓரத்தில் ஆடுபவர்) கையிலிருந்து நழுவி விழுந்ததால் வந்தது. தன் சொந்த 20 மீட்டர் பகுதியிலிருந்து பந்தைக் கொண்டு வந்து முடித்தது ஒன்றுகூட இல்லை. நான் அபாரமான தாக்குதல் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆட்டம் அது.

அன்றிலிருந்து நானும் அப்படியே எழுதிவருகிறேன். சின் பின்னும் நழுவிய பந்தும் வாரத்துக்கு வாரம் மாறுகிறவை. மாறாமல் நிலைப்பவை வேறு: உதைத்த பந்தைத் துரத்தி வரும் வரிசை நேராக வருகிறதா, தன் கோல் கோட்டருகே தொடர்ந்து மூன்று செட்கள் தடுத்து நிற்க முடிகிறதா, எதிரணி தடுப்பு வரிசையை உடைத்து ஓடும்போது எத்தனை பேர் திரும்பி ஓடுகிறார்கள், ஆட்டக்காரர்களை மாற்றக் கிடைக்கும் எட்டு வாய்ப்புகளில் எத்தனையைக் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள். இவை நன்றாக இருந்தும் தோற்ற அணியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பந்து நழுவுவது பற்றி இன்னொன்று. மார்ச் மாதம் டவுன்ஸ்வில்லிலும் பிரிஸ்பேனிலும் புழுக்கம் கடுமையாக இருக்கும். கோலாலம்பூரில் மாலை ஐந்து மணிக்குத் திடலில் இறங்கி ஆடியவர்களுக்கு வியர்வையில் பந்து எப்படிச் சோப்புக்கட்டி போல வழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தவறுகளை வைத்து ஒரு ஹாஃப்பேக்கின் கைத்திறனைத் தீர்மானிப்பது நியாயமற்றது.

பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களை நான் முடிவுக்காகப் பார்ப்பதே இல்லை. முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் ஓய்வில் இருக்கும் ஆட்டங்கள் அவை; இளையவர்களை அடையாளம் காண மட்டுமே உதவும்.

நம்மில் பலர் மறந்துவிடும் இன்னொரு கணக்கு, ஸ்டேட் ஆப் ஒரிஜின். குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களுக்கு இடையே ஆண்டின் நடுப்பகுதியில் நடக்கும் அந்த மூன்று ஆட்டங்களுக்குச் சிறந்த ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள். ஐந்து பேரைக் கொடுக்கும் அணியும் ஒருவரையும் கொடுக்காத அணியும் அந்த வாரங்களில் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஏப்ரலில் ஓர் அணியைப் புகழும்போதே, அதிலிருந்து யார் யார் ஒரிஜினுக்குப் போகக்கூடும், அவர்களின் இடத்தில் யார் நிற்பார் என்று பெயரோடு எழுதிப் பார்த்தால் நம் உற்சாகம் சரியான அளவுக்கு வந்துவிடும்.

நேசிக்கும் அணியைப் பற்றி எழுதும்போது இந்த ஒழுங்கெல்லாம் தளர்ந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் அணி இரண்டு புள்ளியில் தோற்றால் நடுவரின் பிழை என்றும், எதிரணி இரண்டு புள்ளியில் தோற்றால் அவர்களின் பலவீனம் என்றும் மனம் சொல்லும். என் அணியின் பக்கத்தை எழுதும்போது மட்டும் அணியின் பெயரை எழுதாமல் ஓர் எண்ணை இட்டுக் குறிப்புகளை எழுதி, மறுநாள் படித்துப் பார்க்கிறேன். அது எனக்கு உதவுகிறது.

எல்லா அணிகளும் குறைந்தது ஆறு ஆட்டங்களாவது ஆடி முடித்தபின், முதல் மதிப்பீட்டைத் தேதியிட்டு எழுதி வைக்கலாம். ஒவ்வோர் அணிக்கும் ஓர் இடம், அதற்கு இரண்டு காரணம், எது நடந்தால் என் கணிப்பை மாற்றிக்கொள்வேன் என்று ஒரு வரி. ஒரிஜின் மூன்றாவது ஆட்டம் முடிந்த வாரத்தில் அந்த நோட்டை எடுத்து, பிழையாகிப்போன வரிகளைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதுகிறேன். அண்ணனின் பழைய நோட்டுகளில் அந்தச் சிவப்புக் கோடுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன்.