பழைய றேடியோ மூடிக்குப் பெயின்ற் அடிக்க முதல்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையும் நாலைந்து தென்னையும்தான். யன்னலோரம் வைத்த இரும்புச் சாமான் மூன்று மாதத்தில் கறள் பிடித்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு பழைய றேடியோ சேர்க்கிற பைத்தியம் எனக்கு. வால்வும் கண்டென்சரும் மாற்றப் பழகியதைவிட, மூடித் தகரத்தைக் காப்பாற்றப் பழகியதுதான் கூட.

இப்போது மேசையில் கிடப்பது மார்க்கோனி சீஆர்100. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை பீ28 என்று பெயர் வைத்துப் பாவித்த ரிசீவர். தனியாளாகத் தூக்கினால் முதுகு பிடிக்கும். கடற்படை டொக்யார்டிலிருந்து வந்தது என்றார் பழைய இரும்புக் கடைக்காரர். 1957இல் வெள்ளைக்காரன் டொக்யார்டை ஒப்படைத்துவிட்டுப் போன நாளிலிருந்து திருகோணமலையில் விற்கிற பழைய இரும்பெல்லாம் டொக்யார்டிலிருந்துதான் வருகிறது. அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். மூடியைக் கழற்ற முதல் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பெரிய கண்டென்சர்களில் கறன்ட் நின்றபிறகும் தேங்கி நிற்கும், உள்ளே கை போடாதீர்கள். ஏசி, டிசி இரண்டிலும் ஓடுகிற வகை செட்டுகளில் சேசியே (பாகங்களெல்லாம் பூட்டியிருக்கிற உள் உலோகச் சட்டம்) மெயின் கம்பி ஒன்றோடு தொடுத்திருக்கும். அப்படியான பெட்டிகளில் மூடிக்கும் சேசிக்கும் இடையில் இறப்பர் வாசரோ பைபர் வாசரோ இருந்தால், அது அழகுக்கு வைத்ததல்ல. எது எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துவைத்து, திரும்பப் பூட்டும்போது ஒன்றும் விடாமல் போடுங்கள்.

அடுத்தது, பெயின்ற் கடைக்கு ஓடாமல் மூடியைக் கழுவுவது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, மெல்லிய பிரசால் தேய்த்துப் பாருங்கள். எழுபது வருடத்துப் புகையும் எண்ணெயும் போனபிறகு, மங்கிப்போன சாம்பல் நிறம் என்று நினைத்தது நல்ல பச்சைச் சாம்பலாக எழும்பி வரும். பிறகு காருக்குப் போடுகிற கட்டிங் கொம்பவுண்டை ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்கலாம். என்னிடம் உள்ள பதினொரு பெட்டிகளில் நாலுக்குத்தான் பெயின்ற் அடித்திருக்கிறேன். மற்ற ஏழும் கழுவியதோடு தப்பிவிட்டன. மூடியின் உட்பக்கம் வால்வுகளின் இடத்தைக் காட்டும் கடதாசி ஒட்டியிருந்தால் அதில் தண்ணீர் படவிடாதீர்கள். முன்பலகையை நான் தொடுவதே இல்லை. அச்சடித்த எழுத்து ஒருமுறை போனால் போனதுதான்.

கறள் மேலே வெளிப்பட்டிருந்தால், பெயின்ற் உரிந்து தொங்கினால், அப்போது அடித்துத்தான் ஆகவேண்டும்.

முதன்முதல் நான் அடித்த மூடியின் கதையைச் சொல்கிறேன். இரண்டு நாள் தேய்த்து, வெள்ளித் தகடுபோல ஆக்கி, பிரைமர், அதன்மேல் இரண்டு பூச்சு. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் மேற்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம், வெயில் காலத்தில் குழந்தைகளின் முதுகில் வருகிற வியர்க்குருபோல. ஊசியால் ஒன்றைக் குத்தினேன். ஒரு பொட்டுத் தண்ணீர் வந்தது, கீழே புதுக் கறள். எங்கள் பக்கத்துக் கராஜில் வாகனங்களுக்கு ஸ்பிறே அடிக்கிற பாஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்க கறளை எடுத்திருக்கிறீங்க, உப்பை எடுக்கேல்லையே” என்றார். “கடைசியா என்ன தண்ணியில கழுவினீங்க?”

கிணற்றுத் தண்ணீரில். எங்கள் கிணறு உவர்.

தேய்த்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு தங்கிவிட்டால், அது பெயின்றையும் ஊடுருவி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எந்த விலை பெயின்றும் அதைத் தடுக்காது. அதிலிருந்து கடைசிக் கழுவலுக்குக் குழாய்த் தண்ணீர், கிடைத்தால் மழைத் தண்ணீர். மூன்று தடவை ஊற்றி, உடனே பழந்துணியால் துடைத்து, வெயிலில் சூடேறக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுவேன். இரவு ஒன்று இடையில் போனால் கடற்காற்று வேலையைத் திரும்ப ஆரம்பித்துவிடும். வெறுங்கையால் தொடுவதும் கூடாது, வியர்வையும் உப்புத்தானே.

பழைய பெயின்றை எடுக்க முதல் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அநேகமாக அலுமினியம். இரும்பு மூடியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு உரிக்கலாம், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத்தைப் போட்டால் சோடா அலுமினியத்தையே தின்னும், பொங்கிக்கொண்டு ஐதரசன் வாயு வரும். ஒரு சின்ன மூடியைப் போட்டுவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறேன். திரும்பி வந்தபோது அதில் சல்லடைக் கண்கள்.

தேய்ப்பதென்றால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அடியில் மஞ்சட்பச்சையாக ஒரு பூச்சுத் தெரிந்தால் அது சிங்க் குரோமேட் பிரைமராக இருக்கலாம், அந்தத் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. சேசியில் மஞ்சளாகவோ மங்கிய வெள்ளியாகவோ மினுங்குவது கட்மியம் பூச்சாக இருக்கலாம். அதில் சாண்ட்பேப்பரைக் கொண்டுபோகவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டு விடுங்கள்.

தேய்க்க 120ஆம் நம்பர் சாண்ட்பேப்பரில் தொடங்கி 240, பிரைமருக்குப் பிறகு 400. குழிகளுக்குள் நிற்கிற கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் நீக்கி. அவசரமில்லாதவர்கள் வினாகிரியில் ஒரு இரவு ஊறவிடலாம், ஆனால் அமிலம் போகக் கழுவவேண்டும். இரும்புக்குச் சிங்க் பொஸ்பேற் பிரைமர், அலுமினியத்துக்கு, மேற்பரப்பைக் கொஞ்சம் அரித்துப் பிடித்துக்கொள்கிற எச் (etch) பிரைமர். அலுமினியத்தில் சாதாரண பெயின்றை நேரே அடித்தால் பிறகு நகத்தால் உரித்தெடுக்கலாம்.

நிறம் பிடிக்கப் பெயர்த்தகட்டின் அடியைப் பாருங்கள், அல்லது கைபிடியின் அடியை. வெயில் காணாத நிறம் அங்கேதான் இருக்கும். அந்தத் துண்டையே கடைக்குக் கொண்டுபோய்க் கலக்கச் சொல்லுங்கள். போனில் எடுத்த படத்தைக் காட்டிக் கலந்தால், கடற்படைச் சாம்பலுக்குப் பதில் பள்ளிக்கூடச் சுவர் நிறம் வரும்.

அடிக்கிற காலம் முக்கியம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைக்காலத்தில் தொடவே தொடாதீர்கள். காற்றில் ஈரம் கூடினால் லாக்கர் (lacquer) பூச்சு பால்போல வெளுத்துவிடும். கோடையிலும் ஒரு சிக்கல் உண்டு. மத்தியானம் கச்சான் எழும்பிவிட்டால் தூசியை அள்ளிக்கொண்டு வரும். (கொறிக்கிற கச்சான் இல்லை, கோடையில் தென்மேற்கிலிருந்து வருகிற சூட்டுக் காற்று.) ஆகவே காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை என்னுடைய நேரம். பழைய நுளம்புவலை ஒன்றைக் கொய்யா மரத்தில் கட்டி, அதற்குள் மூடியைத் தொங்கவிட்டு அடிக்கிறேன். அது எங்கள் அம்மாவின் வலை. இன்னும் அவவுக்குத் தெரியாது.

ஸ்பிறே கானை அடிக்க முதல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள், கொதிநீரில் அல்ல. ஓர் அடியை விடக் கொஞ்சம் குறைந்த தூரத்தில் பிடித்து, மூடிக்கு வெளியே தொடங்கி வெளியே போய் நிறுத்துங்கள். கிட்டப் பிடித்தால் வழியும். தூரப் பிடித்தால் பாதி வழியிலேயே காய்ந்து தோடம்பழத் தோல்போல வரும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம். எனாமல் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள், அல்லது இரண்டு நாள் பொறுத்திருந்து அடுத்ததை அடியுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் கீழ்ப்பூச்சு கிளம்பிச் சுருங்கும். காற்றோட்டத் துளைகளுக்குள் பெயின்ற் அடைத்தால் ஈரமாக இருக்கும்போதே ஈர்க்கால் குத்தி எடுங்கள்.

சுருக்கம் விழுந்த கறுப்புப் பூச்சுக்குச் சட்டம் நேர் எதிர். 1930, 40களின் பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து, கீழே இன்னும் ஈரமாக இருப்பதால்தான் அது சுருங்குகிறது. ஆகவே தடிப்பாக அடிக்கவேண்டும்: ஒன்று குறுக்கே, ஐந்து நிமிடத்தில் ஒன்று நெடுக்கே, அடுத்தது சாய்வாக. பிறகு சூடு வேண்டும். நான் கறுப்புத் தகரத்தின் மேல் வைத்து உச்சி வெயிலில் விடுகிறேன், மேலே ஒரு பழைய கண்ணாடித் தட்டு. அரை மணித்தியாலத்தில் முழுக்கச் சுருங்கிவிடும், நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஓரம் மெல்லியதாகிவிட்டால் அங்கே மட்டும் மொழுமொழுவென்று நிற்கும். அதற்கு மருந்தில்லை, உரித்துவிட்டு முதலிலிருந்து.

கடைசியாக ஒன்று, இதை நான் மறந்துபோய்ப் பட்டிருக்கிறேன். இரண்டாவதாக அடித்த மூடியில் ஒரு இடம் விடாமல், உள்விளிம்பெல்லாம் அடித்தேன். பூட்டிப் போட்டால் சிற்றலை முழுக்க இரைச்சல். குசினி எல்இடி பல்பை நிறுத்தினால் இரைச்சல் பாதியாகிறது. மூடி சேசியோடு உலோகமாகத் தொடவேண்டிய இடமெல்லாம் பெயின்ற் நடுவில் நின்றுவிட்டது, மூடி இருந்தும் வெளியிலிருந்து வருகிற இரைச்சலுக்கு மறைப்பு இல்லை. கழற்றி, ஸ்குறூத் துளைகளைச் சுற்றியும் உள்விளிம்பிலும் வெறும் தகரம் தெரியச் சுரண்டி, துளியளவு வாஸ்லின் தடவிப் பூட்டிய பிறகுதான் அடங்கியது. இப்போது பிரைமருக்கு முன்னமே அந்த இடங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன். வாசர் வைத்து சேசியைப் பிரித்த ஏசி-டிசி செட்டுகளில் மட்டும் இப்படிச் சுரண்டக்கூடாது.

தொட்டால் ஒட்டாது என்பதற்காக அன்றைக்கே பூட்டாதீர்கள். எனாமல் உள்ளே இறுக ஒரு கிழமையாவது வேண்டும். பீ28இன் மூடி இன்னும் நுளம்புவலைக்குள் தொங்குகிறது. இன்றைக்கு நாலாம் நாள், காலையில் நகத்தால் ஓர் ஓரத்தை அழுத்திப் பார்த்தேன். தழும்பு விழுந்தது.